கொயினா குடித்த காது

என் கடைசி மகன் ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். போன வாரம் ஒரு சாயங்காலம் அவன் செகந்திராபாத்தில் எங்கள் மல்காஜ்கிரி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அவன் மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். கொடுத்த வேகத்திலேயே முகத்தைச் சுளித்துப் புறங்கையால் வாயைத் துடைத்தாள். “சேது, நானா” என்றாள். வீட்டில் எல்லோரும் அவளிடம் தமிழில்தான் பேசுகிறோம். அவள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு தெலுங்கில் பதில் சொல்வாள். சேது என்றால் கசப்பு, நானா என்றால் அப்பா.

“இன்னைக்கு பவுடர் செக்‌ஷன்ல இருந்தேம்மா. தலை, காலர் எல்லாத்துலயும் ஒட்டிக்கும். குளிச்சாதான் போகும்” என்று அவன் சிரித்தான்.

அவன் குளிக்கப் போன பிறகு, நாற்காலியில் கிடந்த சட்டைக் காலரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இந்த வயதில் ஒருத்தி செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். யாரும் பார்க்கவில்லை.

கசப்புதான். ஆனால் நான் எதிர்பார்த்த கசப்பு இல்லை. கசப்பு என்று ஒரே பெயர் வைத்துவிட்டோமே தவிர, அது ஒன்றல்ல. பாகற்காய் நுனிநாக்கைத் தொட்டுவிட்டுப் போய்விடும். வேப்பம்பூ கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துகொள்ளும். நிலவேம்பு தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சாப்பிடும் சோறும் குடிக்கும் தண்ணீரும் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா இவை எவற்றோடும் சேராது. அது வாயோடு நிற்காமல் காது வரைக்கும் போகும். பேச்சுக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது அது.

நான் கல்யாணமாகித் திருச்சிப் பொன்மலையிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தபோது யுத்தம் தொடங்கியிருந்தது. நிஜாம் ராஜ்யம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு ராஜ்யத்துக்குள் ரயில் நுழையும்போது ஏதாவது கண்ணுக்குத் தெரியும் என்று நம்பி, ஜன்னலைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். பாறைகள்தான் தெரிந்தன. யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு, திரும்பி வர மறந்துபோனதுபோல இருந்தன.

மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். நான் பாட்டுக்கு என்ஜின் டிரைவர் என்று நினைத்துக்கொண்டேன். லாலாகுடா குவார்ட்டர்ஸில் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த நீளக் காம்புச் சுத்தியலைப் பார்த்து, “இது எதுக்குங்க” என்று கேட்டேன். “இதுதாம்மா என் வேலை” என்றார். வண்டி ஸ்டேஷனில் நின்றதும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். இவ்வளவுதானா என்று மனதுக்குள் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பதினேழு வயது எனக்கு. புகையும் கரியுமாக என்ஜினிலிருந்து குதித்து இறங்குகிற ஒருவரைக் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

அவரோடு இருக்க இருக்கத்தான் அது என்ன வேலை என்று விளங்கியது. நல்ல சக்கரத்தைத் தட்டினால் மணிச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும். எங்கேயாவது மயிரிழை விரிசல் இருந்தாலோ, சக்கரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டை தளர்ந்திருந்தாலோ, சத்தம் பாதியிலேயே செத்துவிடும். பிளாட்பாரத்தில் டீக்காரன் கத்துவான், குழந்தைகள் அழும், பக்கத்து லைனில் என்ஜின் பெருமூச்சு விடும். அத்தனைக்கும் நடுவில் அந்த ஒரு சத்தம் எங்கே சாகிறது என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் வண்டி அங்கே நிற்காது. வேறெங்கேயோ போய்த் தடம் புரண்டு நிற்கும்.

மோண்டா மார்க்கெட்டுக்குப் பானை வாங்கப் போனால் அவர் ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்டுவார். அவர் வேண்டாம் என்று வைத்ததை மற்றவர்களும் தொட மாட்டார்கள். பானைக்காரி அவர் தலையைக் கண்டாலே கூடையைத் துணியால் மூடுவாள். வீட்டில் நான் பாத்திரத்தைத் தரையில் வைக்கிற சத்தத்தை வைத்தே எனக்குக் கோபமா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதரோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் யாருக்கும் அது புதிதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, வேலைக்கு வருகிற ஆளைப் போல நேரம் தவறாமல் வரும். முதலில் குளிர். வீட்டிலிருந்த ஜமக்காளம், கோணி, என் கல்யாணப் புடவை வரைக்கும் எடுத்துப் போர்த்துவேன். அப்படியும் இரும்புக் கட்டில் கடகடவென்று ஆடும். பிறகு அடுப்பில் வைத்த கல்லைப் போலச் சூடு. பிறகு தெப்பமாக வியர்வை. அது வடிந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்து, “கொஞ்சம் மோர் இருக்குமா” என்று கேட்பார்.

பக்கத்து வீட்டில் என்னைவிடச் சில வயது மூத்த ரஹ்மத் பீ இருந்தாள். அவள் புருஷன் என்ஜினில் கரி தள்ளுகிறவர். நான் அவளை ஆபா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்று அர்த்தம். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. எப்படித்தான் அவ்வளவு பேசினோம் என்று இப்போது நினைத்தால் எனக்கே புரியவில்லை. அவள்தான் என்னை ரயில்வே டிஸ்பென்சரிக்கு முதன்முதலில் அழைத்துப் போனாள்.

டிஸ்பென்சரியில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் காம்பவுண்டர் தேவசகாயம். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், நல்ல உயரம். கொயினாவை யாருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார். கொடுத்தால் வழியிலேயே சாக்கடையில் ஊற்றிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். வரிசையில் வந்து ஜன்னலுக்கு எதிரே வாயைத் திறக்க வேண்டும். அவரே சின்னக் கண்ணாடிக் கிளாஸில் அளந்து ஊற்றுவார். விழுங்கிவிட்டு, “ஆ” என்று வாயைக் காட்டின பிறகுதான் நகரலாம். பெரிய மீசை வைத்த ஃபோர்மேன்கூட அங்கே குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்பார்.

நான் அங்கே வேறொன்றைப் பார்த்தேன். ஜன்னல் விளிம்பில் அந்த மருந்து பாட்டில் இருந்தது. உள்ளே தண்ணீர் மாதிரிதான், நிறமே இல்லை. காலை வெயில் சாய்வாக அதன்மேல் விழுந்ததும், மேல்மட்டத்தில் வெளிர் நீலமாக ஓர் ஒளி எழுந்தது. பாட்டிலுக்குள் யாரோ சின்ன விளக்கை ஏற்றி வைத்ததுபோல. வெயிலை மறைத்து ஒரு பெண் நின்றாள், நீலம் போய்விட்டது. நகர்ந்தாள், திரும்ப வந்தது. நான் வரிசையை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அதுக்கு வெயில் பட்டா அப்படித்தாம்மா” என்றார் தேவசகாயம். “ஏன்னு கேக்காதீங்க. இத்தனை வருஷமா ஊத்துறேன், எனக்கும் தெரியாது.”

கடல் தாண்டி ஏதோ தீவில், ஏதோ மலையில் வளர்கிற மரத்தின் பட்டை அது என்றும் அவர்தான் சொன்னார். அந்த மரத்துக்கு லாலாகுடாவில் குளிரில் நடுங்குகிறவர்களைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் அதன் பட்டைக்குள் இவர்களுக்கான மருந்து இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த மரத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆபா கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே இரண்டு தடவை என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து, “நாளைக்கு நீங்க போய் மருந்து குடிச்சிட்டு வாங்க” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“கொயினாவா? அது வேண்டாம்மா” என்றார்.

“கசக்கும்னா?”

“கசப்பு எனக்கு ஒண்ணுமில்ல. அதைக் குடிச்சா காதுக்குள்ள சில்வண்டு பூந்துக்கும்.”

பிறகுதான் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் காய்ச்சலுக்குக் கொயினா குடித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். ஒரு பாசஞ்சர் வண்டி வந்து நின்றது. தட்டிக்கொண்டே போகிறார், எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரி இருக்கிறது. காதுக்குள் இடைவிடாமல் கீ என்று ஒரு சத்தம். வெளிச் சத்தம் எல்லாம் போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி. பாதி வண்டியில் நின்றுவிட்டார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “எனக்குக் கேக்கல, வேற ஆளைக் கூப்பிடுங்க” என்று சொல்லியிருக்கிறார். வண்டியை நிறுத்தி வைத்து, அவரோடு வேலை செய்கிற யாதகிரியை வீட்டிலிருந்து வரவழைத்து, எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார்கள். எல்லாம் நல்ல சக்கரங்கள்தான்.

“அப்ப ஒண்ணும் ஆகலதானே” என்றேன்.

“ஒண்ணும் ஆகல. ஆனா சக்கரம் நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாமலே ஒண்ணும் ஆகல. அதுதான் பயமா இருக்கு” என்றார்.

இந்த வேலையில் இருக்கிறவரை கொயினாவைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானம் செய்துவிட்டாராம். வண்டியில் தூங்கிக்கொண்டு போகிற அத்தனை பேரும், தங்களுக்காக ஒருவர் குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறார் என்று தெரியாமல் போகிறார்கள். அந்த நினைப்பு வந்த பிறகு என்ஜின் டிரைவர் கனவெல்லாம் எனக்குப் போய்விட்டது.

கொயினா இல்லையென்றால் வேறு கசப்புகள் இருந்தன. பொன்மலையில் என் அம்மா காய்ச்சலுக்கு நிலவேம்பு காய்ச்சுவாள். அந்தச் செடி இங்கே இருக்குமா என்று ஆபாவிடம் கேட்க எனக்குப் பெயர் தெரியவில்லை. மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினேன்; நாக்கை நீட்டி முகத்தை அஷ்டகோணலாக்கிக் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, “ஹவ், ஹவ்” என்று தலையாட்டி, என்னை மௌலாலி மலைப் பக்கம் அழைத்துக்கொண்டு போனாள். பாறை இடுக்குகளில், மழைத் தண்ணீர் கசிகிற இடங்களில், முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதே மெல்லிய இலை, அதே சின்ன வெள்ளைப் பூ. ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். ராஜ்யம் வேறு, பாஷை வேறு, மண் வேறு. கசப்பு மட்டும் என் அம்மா வீட்டுக் கசப்பு. பாறைமேல் உட்கார்ந்து அழுதேன்.

“கைக்கு ரோதே மா” என்று கேட்டாள் ஆபா. ஏன் அழுகிறாய் என்று அர்த்தம். நான் ஓர் இலையை அவளுக்கும் நீட்டினேன். மென்றுவிட்டு அவளும் கண் கலங்கினாள். அது வேறு காரணம்.

பதிலுக்கு அவள் தன்னுடைய கசப்பைக் காட்டினாள். சாம்பல் நிறத்தில், கோலிக்குண்டு மாதிரி வழவழவென்று இருக்கிற ஒரு கொட்டை. கஜ்கா என்றாள். பார்த்ததும் தெரிந்துகொண்டேன்: கழற்சிக்காய். அதை வைத்து நாங்கள் சின்ன வயதில் விளையாடியிருக்கிறோம். சிமெண்ட் தரையில் தேய்த்துச் சூடு வைத்திருக்கிறோம். உள்ளே ஒரு கசந்த பருப்பு இருக்கும், அதை மிளகோடு இடித்துக் காய்ச்சலுக்குக் கொடுப்பார்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் கசக்காத பொருளே கிடையாது. இருந்தது ஒரே பெரிய பாத்திரம், ஒரே கரண்டி. காலையில் அதில் கசாயம், பகலில் அதிலேயே குழம்பு. எத்தனை புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. புதுப்பெண் சமையல் எப்படி என்று கேட்டு என் அப்பா கடிதம் போட்டிருந்தார். நன்றாகச் சமைக்கிறாள் என்று இவர் பதில் போட்டார். அந்தப் பொய்யை எந்தக் காதால் கேட்டாலும் கண்டுபிடித்திருக்கலாம். கசாயம் குடிக்கும்போது நானும் அவரோடு அரை டம்ளர் குடிப்பேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. அவர் மட்டும் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

காய்ச்சல் தணிந்தது. கசாயத்தால் தணிந்ததா, குளிர்காலம் வந்து தானாகத் தணிந்ததா, யார் கண்டது. அடுத்த மழை முடிந்ததும் திரும்பி வந்தது. திரும்பக் காய்ச்சினேன். இப்படியே கழிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

யுத்தம் பெரிதானதும் செகந்திராபாத் ஸ்டேஷன் பட்டாளத்துக்காரர்களால் நிரம்பியது. சிலருக்கு முகம், கண் எல்லாம் மஞ்சள் பூசினாற்போல இருக்கும். காமாலையோ என்று பயந்தேன். காய்ச்சல் வராமல் இருக்கப் புது மாத்திரை தின்கிறார்கள், அதனால் அந்த நிறம் என்றார் இவர். ஏன் அந்த மாத்திரை என்றால், கொயினா இல்லை. அந்தத் தீவை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான். டிஸ்பென்சரி ஜன்னலில் வெறும் பாட்டில் வெயிலில் நின்றது. அதில் நீலம் இல்லை.

அந்த வருஷம்தான் அவருக்கு வேறு விதமாக வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற கணக்கே இல்லை. குளிரும் இல்லை, வியர்வையும் இல்லை. சூடு ஏறிக்கொண்டே போனது. இரண்டாம் நாள் பகலில் நான் கசாயத்தை ஆற்றிக்கொண்டு வந்து தோளைத் தொட்டேன். என்னைப் பார்த்தார், ஆனால் அவருக்கு என்னைத் தெரியவில்லை. கையை மெதுவாகத் தூக்கி, மடக்கிய விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு. கேட்டார். கட்டிலின் ஓரமாக, கை எட்டுகிற வரைக்கும் தட்டிக்கொண்டே போய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். கசாயம் உதட்டிலிருந்து வழிந்துவிட்டது.

ஆபாவை அவரிடம் உட்கார வைத்துவிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன்.

“என்னம்மா பண்றது, ஸ்டாக்கே இல்லியே” என்றார் தேவசகாயம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கொயினா ஊசி மருந்து கொஞ்சம் இருக்குது. டாக்டர்கிட்ட பூட்டி இருக்குது. வண்டி ஓட்டுற டிரைவர், கார்டு, அவங்களுக்கு மட்டும்தான் ஆர்டர்.”

டாக்டர் தெலுங்குக்காரர், தமிழ் புரியும். நான் அவர் அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே போய்விட்டேன். அதற்கு முன்னால் அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவரும் காம்பவுண்டர் சொன்னதையே சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். அன்றைக்கு அதே பதிலை எத்தனை பேரிடம் சொல்லியிருந்தாரோ.

“எங்க வீட்டுக்காரர் தட்டிப் பாத்து விடலைன்னா, உங்க டிரைவர் அந்த வண்டிய எடுப்பாருங்களா?” என்று கேட்டேன்.

டாக்டர் எழுந்து சாவியை எடுத்தார்.

டாக்டர் வீட்டுக்கு வந்து இவர் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஊசியைக் கொதிக்க வைக்க வேண்டும் என்றார். அடுப்பில் நிலவேம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு அதே நெருப்பில் ஊசிப் பெட்டியை வைத்தேன். தண்ணீர் கொதிக்கும்வரை டாக்டர் கட்டிலைத் தட்டுகிற அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒண்ணு சொல்லிடறேன்” என்றார். “டோஸ் அதிகமாக் கொடுக்கணும். காது போலாம். திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். சரியா?”

என் வீட்டுக்காரர் எதை வேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருந்தாரோ அதைத்தான் நான் கேட்டு வாங்கி வந்திருந்தேன். சுயநினைவு இருந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவருக்குக் காது என்பது வெறும் காது இல்லை. நான் இறக்கி வைத்த கசாயத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆபாவுக்கு டாக்டரின் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவள் என் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். “கான் கைக்கு மா? ஜான் ஹோனா” என்றாள். காது எதற்கு, உயிர் வேண்டும்.

“போடுங்க” என்றேன்.

மறுநாள் காலையில் கை தட்டுவதை நிறுத்தியிருந்தது. நெற்றியைத் தொட்டேன்; சாதாரண மனிதர் நெற்றியாக இருந்தது. அந்தக் குளிர்ச்சியை நான் எப்படிச் சொல்வேன்? ஒரு மரத்துப் பட்டை அவர் ரத்தத்துக்குள் போய், நெருப்பைத் தேடிப் பிடித்து அணைத்திருந்தது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. அவர் கண் விழித்து என்னைப் பார்த்தார். இந்தத் தடவை என்னைத் தெரிந்தது.

நான் ஏதோ சொன்னேன். அவர் என் உதட்டைப் பார்த்தார், பிறகு கண்ணைப் பார்த்தார். பித்தளை டம்ளரை எடுத்து அவர் தலைமாட்டில் கரண்டியால் தட்டினேன். அவர் முகம் மாறவே இல்லை.

ஊசிக்குப் பிறகு குடிப்பதற்கு, பூட்டி வைத்திருந்ததிலிருந்தே கொஞ்சம் மருந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார் டாக்டர். அதைக் கிளாஸில் ஊற்றி நீட்டினேன். ஒரு மடக்கு வாயில் வைத்ததும் அப்படியே நின்றார். நிலவேம்பு இல்லை, கழற்சி இல்லை. அது என்ன என்று அவர் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை. தட்டிவிடுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் கிளாஸைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

“கசப்பு மாறவே இல்ல” என்றார், தெருவுக்கே கேட்கும்படி. தன் குரல் தனக்குக் கேட்காததால் அவ்வளவு சத்தம். அடுத்த வீட்டில் ஆபா சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டது.

உடம்பு தேறி எழுந்ததும் முதல் வேலையாக ஆபீஸுக்குப் போய், தன்னைச் சுத்தியல் வேலையிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். விளக்கு துடைக்கிற அறையில் போட்டார்கள். புகை படிந்த கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஒரு குளிர்காலம் போனது. காது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பியது. அதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் கனமான சத்தங்கள்: என்ஜின், ஒர்க்‌ஷாப் சம்மட்டி. பிறகு மனிதக் குரல். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சோற்றைக் கையில் வைத்தபடி நிமிர்ந்து, “ஆபா வீட்டுக் குழந்தை அழுவுது” என்றார். அந்தக் குழந்தை அழுததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது நாங்களாகத்தான் இருப்போம். ஆனால் மெல்லிய சத்தங்கள் வரவில்லை. கண்ணாடி வளையல் சத்தம் வரவில்லை. மணிச் சத்தம் நின்று நின்று தேய்வது வரவில்லை. எந்தச் சத்தத்துக்காகக் கொயினாவை வேண்டாம் என்றாரோ அந்தச் சத்தம்தான் அந்தக் குளிர்காலம் முழுவதும் வெளியே நின்றது.

வெயில் காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாதகிரி வந்தார். காதைச் சோதித்துப் பார்க்க, கழித்துப் போட்ட வேகன்கள் நிற்கிற ஒரு பழைய லைனுக்குப் போகலாம் என்றார். “நீயும் வா” என்றார் இவர் என்னிடம். அங்கே போனதும் இவர் சுத்தியலை என் கையில் கொடுத்தார். யாதகிரி தட்டினால், தட்டுகிற விதத்திலேயே அது நல்ல சக்கரமா கெட்டதா என்று தனக்குத் தெரிந்துவிடுமாம். ஒன்றும் தெரியாத ஆள் தட்ட வேண்டுமாம். அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் ஏது.

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளி நின்றார். நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினேன். “கட்டிகா கொட்டண்டி, வதினா” என்றார் யாதகிரி. பலமாகத் தட்டுங்கள், அண்ணி. பலமாகத் தட்டினேன். இரும்பு சுத்தியல் வழியாக என் தோள் வரைக்கும் பாடியது. எத்தனை தடவை ஸ்டேஷனில் கேட்டிருப்பேன். அதன் உள்ளே நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

“நல்லது” என்றார் அவர் திரும்பாமல்.

அடுத்த சக்கரம். “நல்லது.”

அடுத்தது. பதில் வரவில்லை. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. அவர் கழுத்து விறைத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு நான் மூச்சை அடக்கினேன்.

“இன்னொரு தடவை.”

தட்டினேன். சத்தம் முழுவதும் தேயும்வரை அவர் அசையவில்லை. யாதகிரியும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நிக்கல” என்றார். “பாதியில விழுந்திடுச்சு. விரிசல்.”

யாதகிரி சக்கரத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினார். விரிசலுக்குள் தங்கியிருந்த எண்ணெய் வெள்ளைத் தூளில் ஒரு மெல்லிய ஈரக்கோடாக, தலைமுடி அளவுக்கு, மெதுவாக எழுந்து வந்தது. நான் குனிந்து அதைப் பார்த்தேன். விரலால் தடவினாலும் தெரியாத கோடு. அதை அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்டிருந்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் தண்டவாளத்தில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாதகிரி வேகனுக்கு அந்தப் பக்கம் போய் பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

அந்த மாதமே பழைய வேலைக்குத் திரும்பினார். ரிடையர் ஆகும்வரை செய்தார். இடது காதில் ஒரு சில்வண்டு மட்டும் கடைசிவரை தங்கிவிட்டது. சத்தமே இல்லாத இடத்தில்தான் அது கேட்கும் என்பார். ரயில்வேயில் அப்படி ஓர் இடம் ஏது. அதற்குப் பிறகு வந்த மருந்துகள் காதைத் தொடவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது சின்ன மாத்திரைகளை விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த டிஸ்பென்சரி இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் ஸ்டாண்டு. மௌலாலிப் பாறைகளில் பாதியை உடைத்து வீடு கட்டிவிட்டார்கள். மீதிப் பாறைகளில் கடை விளம்பரம் எழுதியிருக்கிறது. வண்டி நின்றால் சுத்தியலோடு நடந்து வருகிறவரைப் பார்ப்பதும் அபூர்வமாகிவிட்டது. ஏதோ கருவி வைத்துப் பார்க்கிறார்களாம். காதைவிட அது நன்றாகவே பார்க்கும் என்கிறான் மகன். இருக்கலாம்.

நிஜாம் ராஜ்யம் முடிந்த மறு வருஷம் ஆபாவின் குடும்பம் கராச்சிக்குப் போயிற்று. பம்பாய் வரைக்கும் ரயில், அங்கிருந்து கப்பல் என்றார்கள். அவள் போக வேண்டும் என்று சொன்னதும் இல்லை, வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. நான் மௌலாலியிலிருந்து பறித்து உலர்த்திய நிலவேம்பை ஒரு துணியில் கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். கராச்சியில் கிடைக்குமோ என்னவோ. ஜன்னல் வழியாக வாங்கி முகர்ந்து பார்த்து, முன்பு நான் செய்து காட்டிய அதே கோணல் முகத்தைச் செய்தாள். “நக்கோ ரோ மா”, அழாதே என்றாள், தான் அழுதுகொண்டே.

அன்றைக்கு அந்த வண்டிக்கு இவர்தான் டியூட்டி. வழக்கம்போல ஒரு கோடியிலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். ஆபா உட்கார்ந்திருந்த பெட்டிக்கு வந்ததும் நின்றார். முதல் சக்கரத்தைத் தட்டினார், கேட்டார். அதையே திரும்பத் தட்டினார், திரும்பக் கேட்டார். அந்தப் பெட்டியின் எல்லாச் சக்கரங்களையும் அப்படி இரண்டிரண்டு தடவை. கார்டு கொடியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசிச் சக்கரத்தின் சத்தம் முழுவதும் தேய்ந்த பிறகு இவர் கையைத் தூக்கினார். வண்டி போயிற்று.